நாலு விரல் காற்று

சலவைக்கடையிலிருந்து வந்ததும் லுவெல்லா கைப்பையைக்கூட இறக்கி வைக்க மாட்டாள். பை தோளில் தொங்கத் தொங்க ஜன்னல் ஜன்னலாகப் போவாள். சமையலறை ஜன்னல் இரண்டு விரல். முன்னறை இரண்டு விரல். குளியலறைக்கு ஒன்று போதும். தம்பி வென்டலின் அறைக்கு நாலு விரல். கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கி, கீழே கையைப் படுக்க வைத்து அளந்து, கூடினால் இறக்கி, குறைந்தால் ஏற்றி விடுவாள். வென்டல் அந்த அறையைவிட்டு டாலஸுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கட்டிலில் இப்போது தூங்குவது தையல் மிஷினின் மூடியும் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் பெட்டியும்தான். இருந்தாலும் நாலு விரல் நாலு விரல்தான்.

அதற்குப் பிறகுதான் நடைவழிக்கு வந்து சுவரில் இருக்கும் கறுப்புச் சுவிட்சைத் தட்டுவாள். தலைக்கு மேலே, கூரைத் தட்டியில், ஒரு தொட்டில் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை மூடியிருக்கும் இரும்புத் தகடுகள், அதிகாலையில் எழுப்பப்பட்டவனின் இமைகளைப் போலச் சிணுங்கிக்கொண்டே திறக்கும். மச்சில் உட்கார்ந்திருக்கும் விசிறி முதலில் இருமும், பிறகு தொண்டையைச் செருமும், பிறகு ஒரு சரக்கு லாரி வீட்டுக்குள் புகுந்துவிட்டதுபோல் ஓட ஆரம்பிக்கும். லுவெல்லா அண்ணாந்து பார்த்து, "வந்துட்டியா கிழவா" என்பாள். கடையின் எந்திர இரைச்சலுக்கு மேலே கத்தாமல், அன்றைக்கு அவள் மனிதக் குரலில் பேசும் முதல் வார்த்தை பெரும்பாலும் அதுதான்.

இந்த விசிறி வீட்டுக்குள் ஊதுவது கிடையாது. உறிஞ்சும். வீட்டின் சூடான மூச்சையெல்லாம் மேலே இழுத்து மச்சு வழியாக வெளியே துப்பும். அதற்குப் பதிலாக, எந்த ஜன்னல் திறந்திருக்கிறதோ அதன் வழியாக வெளிக்காற்று ஓடி வரும். எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தால் எவனுக்கும் சரியாகக் கிடைக்காது. சிலவற்றை மூடி ஒன்றைத் திறந்தால் அந்த ஒன்றில் புயலே வரும். அதனால் மச்சு விசிறி உள்ள வீட்டில் காற்று என்பது கோழிக் குழம்பைப் போல, பங்கு போட வேண்டிய சாமான். டுப்ரீ ஊரில் நல்ல துண்டுக்காகச் சண்டை வராத குடும்பம் உண்டு. ஜன்னலுக்காகச் சண்டை வராத குடும்பம் இல்லை.

லுவெல்லாவின் அறை ஜன்னலுக்கு மட்டும் விரல் கணக்கு கிடையாது. அது ஆணி அடித்த ஜன்னல்.

அந்த அறையை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு விசித்திரமும் தெரியும். கட்டிலின் தலைமாடு ஜன்னல் பக்கம் இருக்கிறது; தலையணையோ கால்மாட்டில், கதவைப் பார்த்துக் கிடக்கும். அவள் கால்களைத் தலைமாட்டில் நீட்டி, தலையைக் கதவுப் பக்கம் வைத்துத் தூங்குகிறவள். நடைவழியில் ஓடுகிற காற்றின் ஓரம் எப்போதாவது கதவுக்குள் மூக்கை நீட்டும். அதைப் பிடிப்பதற்காக.

ஆணி அடித்தது அவளுடைய அப்பா, சர்ச்சில் டீக்கன் பொறுப்பில் இருந்த ஹோரஸ். லுவெல்லாவுக்கு அப்போது பதினாறு வயது. ஜூலை மாதத்து மத்தியானம். அதே தெருவில் இருந்த லயனல், காகிதக் கூம்பில் சீவிய ஐஸ் கொண்டுவந்தான், மேலே சிவப்புச் சாறு ஊற்றி. முன்வாசலில் டீக்கன் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். ஐஸ் பைபிளுக்காகக் காத்திருக்குமா? பையன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினான். அவள் பாதி தின்றிருந்தபோது அப்பா அறைக்குள் வந்துவிட்டார்.

திட்டவில்லை, அடிக்கவில்லை. ஜன்னலை இறக்கினார். சுத்தியலைக் கொண்டுவந்து வலப்பக்கம் ஒரு ஆணி, இடப்பக்கம் ஒரு ஆணி, சட்டத்தோடு சேர்த்து அடித்தார். அம்மா சமையலறையில் ரேடியோவின் சத்தத்தைச் சற்றே கூட்டி வைத்தாள். வேலை முடிந்ததும் டீக்கன் சுத்தியலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கதவத் திறந்து வச்சுக்கோ. போதும்."

அந்த ஜன்னலுக்கு வரவேண்டிய காற்று வீணாகவில்லை. அடுத்த அறைக்குப் போயிற்று. ஒன்பது வயது வென்டலின் ஜன்னலுக்கு இரண்டு விரல் நாலு விரலானது அன்றிலிருந்துதான். ஜூலையில் போர்வை கேட்டுத் தூங்கிய பையன் இந்த மாநிலத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

அம்மா போய், அப்பாவும் போய் ஆறு வருஷமாகிறது. ஆணிகள் இன்னும் இருக்கின்றன. யாராவது கேட்டால் லுவெல்லா, "அது இருக்கட்டும்" என்பாள். அதற்குமேல் கேட்டால், "நான் ஏற்கெனவே வெந்தவ. ரெண்டாந்தரம் வேகாது" என்பாள். ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டைக் கழுவும்போது, ஜன்னல் சட்டங்கள் ஏறி இறங்கும் பள்ளங்களில் சோப்புக் கட்டியைத் தேய்ப்பாள், வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. எல்லா ஜன்னலுக்கும் தேய்த்துவிட்டு, ஏறவும் இறங்கவும் போகாத தன் ஜன்னலின் பள்ளத்திலும் கை ஓயும்வரை தேய்ப்பாள். ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால், "சோப்பு மிச்சம் இருந்துச்சு" என்றிருப்பாள்.

வேலை நீராவி இஸ்திரி எந்திரத்தில். அறுபத்தேழு வயதிலும் காலையில் போய் நிற்கிறாள். ஊரின் சட்டைக் காலர்கள் எல்லாம் அவள் கைக்கு வந்துதான் போகவேண்டும். அதில் அவளுக்கு ஒரு சொந்த நீதிமன்றம் உண்டு. கடையில் வேலை செய்கிற பெண்களிடம் மரியாதையில்லாமல் பேசியவனுடைய காலருக்கு ஒரு கரண்டி கஞ்சி கூடுதல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எவன் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் மொத்த உடம்போடு திரும்பி வணக்கம் சொல்கிறானோ, அவன் அந்த வாரம் வாலாட்டினவன் என்று பெண்கள் வரிசை புரிந்துகொண்டு விசிறி அட்டையால் வாயை மூடிக்கொள்ளும். பாஸ்டரே இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறார். டீக்கனைப் புதைத்த சட்டைக்கு அவள் இரண்டு கரண்டி போட்டாள். "அவரு இனிமே எங்க திரும்பப் போறாரு" என்றாள் கடைக்காரியிடம்.

லயனலின் காலருக்கு மட்டும் எப்போதும் அரைக் கரண்டி குறைவு. இதை லயனல் அறியான்.

அந்தச் சவ அடக்க நாளைப் பற்றி டுப்ரீயில் இன்னும் பேசுகிறார்கள். அதற்குக் காரணம் டீக்கன் இல்லை, வென்டலின் மனைவி மார்சியா. டாலஸில் ஏசிக்குள் பிறந்து ஏசிக்குள் வளர்ந்தவள். வீடு நிறையக் கூட்டம், மேஜை நிறைய உருளைக்கிழங்கு சாலட், வறுத்த கோழி, பன்றித் தொடை. வெளியே தூசி என்று எல்லா ஜன்னலையும் மார்சியாவே சாத்தினாள். முன்னறையில் இருந்த சின்ன ஏசி அத்தனை கூட்டத்துக்குப் போதவில்லை; வியர்த்தது. பாலாடை நிறக் கோட்டும் பாவாடையுமாக நடைவழிக்குப் போய் விசிறிச் சுவிட்சில் கை வைத்தாள்.

ஜன்னல்கள் மூடியிருக்கும்போது இந்த விசிறியைப் போட்டால் அது சும்மா இருக்காது. உறிஞ்ச வழி தேடும். கொதிகலனின் சிறு சுடரை அணைக்கும். கணப்பு இருந்தால் புகைபோக்கி வழியாக இழுக்கும். இது டுப்ரீயில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். லுவெல்லா சுவிட்சுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் தேநீர்க் குடுவையோடு நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு ஒரு கிளாசில் தேநீர் ஊற்றினாள்.

டீக்கன் ஹோரஸ் வீடு கட்டிய நாளிலிருந்து சேர்ந்த கரி, ஒரே மூச்சில் கணப்பிலிருந்து வெளியே வந்தது. சாலட் கறுத்தது. பாஸ்டர் கறுத்தார். மார்சியாவின் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"சொல்லக் கூடாதாக்கா?" என்று வென்டல் கத்தினான்.

"எசமானி அம்மா கை வைக்கும்போது நான் யாருடா தம்பி குறுக்க பேச?"

அதில் உண்மை இருந்தது. வீடு வென்டலின் பெயரில்தான் இருந்தது. அப்பாவுக்கு வாதம் வந்து படுத்த பத்து வருஷமும் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டியவள் லுவெல்லா. ஆனால் அவர், நாக்கு நன்றாக இருந்த காலத்திலேயே, "ஆம்பளப் புள்ள பேர்ல இருந்தாத்தான் வீடு நிக்கும்" என்று எழுதி முடித்திருந்தார். அப்பாவுக்காக முன்னறை ஜன்னலில் பொருத்தியிருந்த சின்ன ஏசியை, அடக்கம் முடிந்த வாரமே வென்டல் கழற்றித் தன் மீன்பிடிக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். மார்சியா அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவே இல்லை. அதை லாபக் கணக்கில்தான் வைத்திருக்கிறாள் லுவெல்லா.

இந்த ஜூன் மாதம் விசிறி நின்றது. முதலில் இருமல் நீண்டது. பிறகு தகடுகள் பாதி திறந்து, யோசித்து, மறுபடி மூடிக்கொண்டன. மேலே எதுவோ அறுந்து சாட்டையடி போல் கூரையில் விழுந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. லுவெல்லா சுவிட்சை அணைத்துவிட்டு, கிழவனைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். அன்று பையைத் தோளிலிருந்து இறக்க வெகுநேரம் ஆயிற்று.

பழுது பார்க்க ஆர்டிஸ் வந்தான். பெரிய உடம்பு, மச்சு ஓட்டைக்குள் பாதி போனதும் ஏணியில் கால்கள் மட்டும் நின்றுகொண்டு பேசின.

"மிஸ் லுவெல்லா, இதுல மோட்டார் எங்கேன்னு கேக்காதீங்க. குளவிக்கூடு இருக்கு. கூட்டுக்குள்ள எங்கயோ மோட்டார் இருக்கலாம்."

"ஓடுமா ஓடாதா? அதச் சொல்லு."

"பெல்ட்டு அறுந்துடுச்சு, மாட்டிடலாம். பேரிங் தேஞ்சுடுச்சு, அதையும் மாத்தலாம். ஆனா இறக்கையில விரிசல் விட்டிருக்குங்க. ஒரு நாள் பிச்சிக்கிட்டு உங்க தலையில வந்து விழுந்தா, நான் சர்ச்சுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடறது?"

"இப்பவும் உன் பாட்டுக்கு நாங்க தலையத்தான் குனிஞ்சுக்கறோம்."

கால்கள் சிரித்தன. கீழே இறங்கி, கரி பூசிய முகத்தோடு இரண்டு வழி சொன்னான். ஒன்று, பழசைக் கழற்றிவிட்டு ஓட்டையைப் பலகை வைத்து மூடுவது. இல்லையென்றால் புது விசிறி. புதுசு சின்னது, பெல்ட்டே கிடையாது, சத்தமும் கிடையாது. ஓட்டை பெரிசாக இருப்பதால் குறுக்குக் கட்டை கொடுத்து அதைச் சுருக்க வேண்டியிருக்கும்.

"ஓட்டையச் சுருக்கு. காத்தச் சுருக்கிடாதே" என்றாள்.

போகும்போது ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, எத்தனை ஜன்னல் திறக்கும் என்று கணக்குப் பார்த்தான். அவள் அறையில் நின்றான். "இதுல ஆணி அடிச்சிருக்கே. கடப்பாரை கையிலதான் இருக்கு. பிடுங்கிடவா?"

"அது இருக்கட்டும்."

புது விசிறிக்கு வீட்டுக்காரனின் சம்மதம் வேண்டுமே. அவள் டாலஸுக்குப் போன் செய்தாள்.

"மூடச் சொல்லுக்கா" என்றான் வென்டல். "இந்தக் காலத்துல எவன் மச்சுல ஃபேன் வச்சிருக்கான்?"

"அப்ப அந்த ஏசியக் கொண்டாந்து குடு."

போனுக்குள் டாலஸின் ஏசி இரைந்தது. "அது கொட்டகையில மாட்டியாச்சுக்கா. சுவத்தோட ஒட்டிப்போச்சு. இப்ப கழட்டினா சுவரும் சேந்து வந்துரும்."

"மீனுக்கு நல்லா குளுகுளுன்னு இருக்குமே."

"என்னக்கா நீ."

லுவெல்லா போனை வைத்தாள். காலையெல்லாம் நீராவி, மற்ற நேரமெல்லாம் வீடு. நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தாள். சமையலறைத் தரையில் பாய் இல்லாமல் படுத்துப் பார்த்தாள். முகம் கறுத்து இறங்கிவிட்டது. கடையில் அவள் போடும் கஞ்சி காரணமில்லாமல் எல்லோருக்கும் கூடியது. அந்த ஞாயிறு சர்ச்சில் ஆண்கள் வரிசை முழுவதும் மரப்பொம்மைகளைப் போல உட்கார்ந்திருந்தது.

பிறகு லயனல் வந்தான். சீவிய ஐஸ் கொண்டுவந்த அதே லயனல். இப்போது வழுக்கை, சாம்பல் நிறக் கோட்டு, அடக்கப் பாலிசி ஏஜென்ட். செத்தால் பெட்டி, பூ, கார் எல்லாம் கிடைப்பதற்கு உயிரோடு இருக்கும்போது கட்டும் பாலிசி. மாதா மாதம் வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் தேநீர் குடித்து, மனைவியின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். அதை அவள் கவனமாகக் கேட்டுக்கொள்வாள்.

"பாலிசிய முறிக்கிறேன் லயனல்."

அவன் கிளாசை வைத்துவிட்டான். "முறிக்கிறியா? இத்தன வருஷம் கட்டிட்டு? நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு உனக்குப் பெட்டி வாங்குவா?"

"வென்டல் வாங்கட்டும். வீடு அவன் பேர்ல இருக்கு. பொணத்தையும் அவன் பேருக்கு மாத்திக்கட்டும்."

"அப்படியெல்லாம் பேசாதே. இப்ப என்ன அவசரம்?"

"காத்து வேணும்."

அவன் அண்ணாந்து, அசையாத தகடுகளைப் பார்த்தான். வாதாட வந்தவன் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றிற்றோ, ஐம்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டாள்.

"அந்தச் செவப்பு ஐஸ் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"எந்த ஐஸ்?"

"ஜன்னல் வழியாக் கொண்டாந்து குடுத்தியே. எங்க அப்பா முன்னால உக்காந்திருந்தாரு."

லயனல் நல்லவன். உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்கி, பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, எங்க மாமா ஐஸ் வண்டி வச்சிருந்த வருஷமா! தெரு பூரா நான்தான் குடுத்துட்டு வருவேன். யாரு கூப்பிட்டாலும் ஓடுவேன். எத்தன ஜன்னல்ல நீட்டியிருப்பேன், இதுல எது உன் ஜன்னல்னு எனக்கென்ன தெரியும்?" பிறகு கரிசனமாகக் கேட்டான்: "ஏன், அது நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் லுவெல்லா. "பாதிதான் தின்னேன்."

அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். அடுத்த வாரம் லயனலின் சட்டை வந்தபோது, எல்லோருக்கும் போடுகிற கஞ்சியையே அதற்கும் போட்டாள்.

ஆர்டிஸ் பழசைக் கழற்றினான். அந்தக் கிழட்டு இறக்கைகள் பின்முற்றத்தில் உள்ளங்கையளவு துருத் திட்டுகளோடு கிடந்தன. ஒரு பூனை அவற்றுக்கு நடுவே குடியேறியது. குறுக்குக் கட்டைகள் ஏறின, ஓட்டை சுருங்கியது, புது விசிறி மேலே போனது. தகடுகள் வெள்ளை வெளேரென்று, சிணுங்காமல் திறந்தன. சத்தமே இல்லை.

"இது ஓடுதா, இல்ல உக்காந்து ஜெபம் பண்ணுதா?" என்றாள்.

ஆர்டிஸ் ஒரு காகிதத்தைச் சமையலறை ஜன்னலருகே விட்டான். அது மேஜையைத் தாண்டி, நடைவழி வரைக்கும் பறந்து போயிற்று. அதன் பின்னாலேயே லுவெல்லாவின் கண்கள் போயின.

"வந்துட்டியா பேரா" என்றாள் மேலே பார்த்து.

மறுநாளும் அதே பழக்கம். சமையலறை இரண்டு, முன்னறை இரண்டு, குளியலறை ஒன்று, வென்டல் அறை நாலு. தன் சவப்பெட்டியை விற்று வாங்கிய காற்றில் பெரிய பங்கை, வழக்கம்போல, கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, தலையைக் கதவுப் பக்கம் வைத்துத் தூங்கினாள். கை பழகியது அப்படி.

ஜூலையில் ஒரு ஞாயிறு, சர்ச் விட்ட பிறகு வென்டல் வந்தான். தனியாகத்தான். லுவெல்லா கெளுத்தி மீன் பொரித்து, மொச்சை வேகவைத்து, சோள ரொட்டி சுட்டிருந்தாள். உள்ளே நுழைந்தவன் நடைவழியில் அண்ணாந்து நின்றான்.

"மூடச் சொன்னேனேக்கா."

"சொன்னே."

"என்கிட்ட கேக்காம..."

"கேட்டேன். நீ மூடச் சொன்னே. கை கழுவிட்டு உக்காரு, மீன் ஆறுது."

இரண்டு மீன் உள்ளே போனதும் கோபம் போய்விட்டது. அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் காட்டினான். "ஆனா என்னா காத்து! அப்படியே அப்பா காலத்துக் காத்து. நாமெல்லாம் எப்படித் தூங்குவோம், ஞாபகம் இருக்கா? ஜூலையில போர்வை போத்திக்கிட்டு!"

லுவெல்லாவின் கையில் மொச்சைக் கரண்டி அப்படியே நின்றது. "நாமெல்லாமா?"

"ஆமாக்கா. நீ, நான், எல்லாரும். குடுத்து வச்ச புள்ளைங்க நாம."

அவள் மொச்சையை அவன் தட்டில் போட்டாள். கொஞ்சம் அதிகமாகவே.

அவன் பீச் பழ இனிப்பைத் தின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தான். வீட்டை விற்கப் போகிறான். 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகை கார் டிக்கியில் இருக்கிறது. போகும்போது முற்றத்தில் நட்டுவிட்டுப் போவான். கோடை முடிவதற்குள் முடித்துவிடலாம் என்கிறார் தரகர். "நீ ஃபேன் போட்டதும் ஒரு வகைல நல்லதுதான்க்கா. இப்பல்லாம் வாங்க வர்றவங்களுக்கு இந்தப் பழைய மாதிரிச் சாமான்னா ஒரு ஆசை. வெல கூடக் கேக்கலாம்."

"நான் எங்க போறது?"

"அதெல்லாம் பாத்து வச்சுட்டேன். வயசானவங்களுக்குன்னே கட்டியிருக்காங்க, புதுசு. எல்லா ரூம்லயும் ஏசி. ஜன்னலத் திறக்கவே முடியாது, அவ்வளவு பத்திரம்."

அவள் தட்டுகளை எடுத்தாள். அவனுக்குக் கண்கள் சொருகின. தன் பழைய அறைக்குப் போய், மரப் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, கட்டிலில் விழுந்தான். அங்கிருந்து குரல் வந்தது, ஒன்பது வயதுக் குரல்போலவே: "அக்கா, என் ஜன்னல் நாலு விரல் இருக்கான்னு பாரு."

"இருக்குடா. தூங்கு."

குறட்டை ஆரம்பித்தது. லுவெல்லா பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி, அடுப்புக்குக் கீழேயிருந்த இழுப்பறையைத் திறந்தாள். அப்பாவின் சுத்தியல் அங்கே இருந்தது. அதன் பிளவுபட்ட வாலை எடுத்துத் தன் ஜன்னலின் வலப்பக்க ஆணியில் மாட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் சாய்த்தாள். அரை நூற்றாண்டுத் துரு; கீச்சென்று கத்தியது. பழைய விசிறியாக இருந்தால் அந்தச் சத்தத்தை விழுங்கியிருக்கும். அவள் காத்திருந்தாள். குறட்டை ஒரு முறை தடுக்கி, மறுபடி ஓடியது. இடப்பக்க ஆணி வளைந்து வந்தது.

பெயின்ட் ஒட்டியிருந்த இடங்களில் வெண்ணெய்க் கத்தியை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சட்டத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்துத்தான் தூக்கினாள். அத்தனை வசந்தத்துச் சோப்பில் அது கண்ணாடித் தட்டில் வழுக்குவதுபோல் ஏறிற்று. கை அளவு பார்க்கவில்லை. போகிற மட்டும் போகவிட்டாள்.

பிறகு பையில்லாமல், செருப்பில்லாமல், வீட்டைச் சுற்றி வந்தாள். சமையலறை ஜன்னலை இறக்கினாள். முன்னறை ஜன்னலை இறக்கினாள். குளியலறை. கடைசியாக வென்டலின் அறை. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலர் பித்தான் அவிழ்ந்திருந்தது, கழுத்தில் அப்பாவின் அதே மடிப்பு. அவனைக் கொஞ்சம் பார்த்தாள். காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை இழுத்து அவன் மார்புவரை போர்த்தினாள். பிறகு அவனுடைய நாலு விரலையும் ஓசைப்படாமல் மூடினாள்.

தன் அறைக்குத் திரும்பியபோது திரைச்சீலை கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது. வீடு முழுவதற்குமான காற்று அந்த ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வெட்டிய புல் வாசனை, எங்கோ எரியும் கரி அடுப்பின் வாசனை, பக்கத்து வீட்டு நாய் வாசனைகூட. மேஜையில் இருந்த சர்ச் விசிறி அட்டை பறந்து சுவரில் மோதி விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. புரண்டான், போர்வையை உதைத்தான், எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா! காத்து எங்க போச்சு? யாரு என் ஜன்னல மூடினது?"

லுவெல்லா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள்.

"கதவத் திறந்து வச்சுக்கோ" என்றாள். "போதும்."

பிறகு கால்மாட்டில் கிடந்த தலையணையை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, ஜன்னல் பக்கத் தலைமாட்டில் வைத்தாள்.